வாடகைக்குப் போன ஊர்ப் பெயர்

2016 செப்டம்பரில் தூத்துக்குடி தமிழ்நாட்டையே ஜெயித்துவிட்டது. அதே மாவட்டத்து நாசரேத்தில் இருந்த எங்களுக்கு அந்தச் சேதியை டிவிதான் சொன்னது. டி.என்.பி.எல். என்னும் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டின் முதல் கோப்பைக்கான இறுதி ஆட்டத்தில், தூத்துக்குடி பெயரில் ஆடிய ஆல்பர்ட் டூட்டி பேட்ரியாட்ஸ், சேப்பாக் சூப்பர் கில்லீஸை 122 ரன் வித்தியாசத்தில் நொறுக்கியது. ஆட்டம் நடந்தது சேப்பாக்கத்தில். கேப்டன் தினேஷ் கார்த்திக்குக்குச் சென்னை. வாஷிங்டன் சுந்தருக்குத் திருவல்லிக்கேணி. மைதானத்துக்கு நடந்தே வந்துவிடலாம். ஆக, சென்னைக்காரர்கள் சென்னையில் வைத்தே சென்னையைத் துவைத்தார்கள். மாலை மட்டும் தூத்துக்குடி கழுத்தில் விழுந்தது. நாங்களும் வெட்கமில்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டோம்.

2017-இல் இரண்டாமிடம். வாஷிங்டன் தொடர் நாயகன். 2018-இல் குப்புற விழுந்தாயிற்று. முதல் நான்கு இடத்துக்குள்கூட வரவில்லை. கார்த்திக் இந்திய அணியோடு இங்கிலாந்தில் இருந்தார். பெரிய தலைகள் விமானம் ஏறினால் அந்த இடத்தை நிரப்ப ஊர்ப் பையன்கள் வேண்டும். பையன்களுக்கு மைதானம் வேண்டும். 2016 முதல் 2019 வரை ஆடிய நான்கு சீசன்களில் எங்கள் மாவட்டத்தில் ஒரு ஆட்டம் நடந்ததில்லை. நம்ம டீமைப் பார்க்க நாசரேத்துக்காரன் திருச்செந்தூர் ரயிலைப் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போக வேண்டும்.

அந்த 2018 மே மாதத்தில்தான் தூத்துக்குடியில் போராடியவர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். ஜூலையில் எங்கள் பெயரைச் சுமந்த அணி தோற்றபோது, அதற்காக அழ எங்களிடம் கண்ணீர் மிச்சமில்லை.

2019-இலும் அதே கதி. தோற்கும் அணியைத் தூக்கி நிறுத்த வேறு இடங்களில் கோச்சை மாற்றுவார்கள், பேட்ஸ்மேனை உட்கார வைப்பார்கள். இங்கே ஊரையே டீமிலிருந்து நீக்கினார்கள். 2021-இல் பார்த்தால், நம் அணி சேலம் ஸ்பார்ட்டன்ஸ். “நம்ம டீம் எங்கல போச்சு?” என்று கேட்ட பையனுக்கு, “அது எப்பல இங்க இருந்துச்சு?” என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. சேலத்தின் மேல் கோபமில்லை. அங்கே வாழப்பாடிப் பக்கம் ஒரு மைதானமாவது இருக்கிறது.

அமெரிக்க பேஸ்பாலில் இதைவிடப் பெரிய சரிவுகள் உண்டு. 1997-இல் வேர்ல்டு சீரிஸ் வென்ற ஃபுளோரிடா மார்லின்ஸ் வீரர்களை, செலவு கட்டுப்படியாகவில்லை என்று முதலாளி வெய்ன் ஹைசெங்கா விற்றுத் தள்ளினார். 1998-இல் அந்த அணி 108 ஆட்டங்களில் தோற்றது. ஆனால் மயாமிக்காரன் தன் ஊர் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து, கண்ணெதிரே நின்றவர்களைத் தொண்டை கிழியத் திட்டினான். எங்களுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. ஓக்லாந்தைக் காலி செய்த அத்லெடிக்ஸ் 2025-இல் சாக்ரமென்டோவில் ஆடியபோது எந்த ஊர்ப் பெயரையும் போட்டுக்கொள்ளவில்லை. அது யோக்கியம்.

1876-இல் நாசரேத்துக்கு வந்த மிஷனரி மர்காஷிஸ் ஐயர் பள்ளியும் ஆஸ்பத்திரியும் தொழிற்கல்வியும் வளர்த்து, 1908-இல் சாகும்வரை இந்த ஊரை விடவில்லை. அந்த வெள்ளைக்காரர் 32 வருஷம் இருந்தார். ‘பேட்ரியாட்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் நாலு சீசன்.

எங்கள் மாவட்டத்துக்கு விளையாட்டு வராது என்று யாராவது சொன்னால் கோவில்பட்டிக்குப் போய்ப் பார்க்கட்டும். அங்கே தெருவுக்குத் தெரு ஹாக்கி. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த மண்ணின் பிள்ளை. அவரை எந்த முதலாளியும் ஏலத்தில் எடுத்துக் கோவில்பட்டிக்காரர் ஆக்கவில்லை.

எங்கள் பெயர் வேண்டும் என்று நாளைக்கு இன்னொரு முதலாளி வருவார். வரட்டும். முதலில் இங்கே ஒரு பிட்ச் போடட்டும். எங்கள் பையன்கள் நாலு பேருக்குப் பந்தைக் கொடுக்கட்டும். அப்புறம் லீக்கில் ஏழு ஆட்டமும் தோற்கட்டும். டிக்கெட் வாங்கி வந்து திட்டுகிறோம்.