பதினெட்டாம் வருசத்துப் பரணி

போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கம் இறங்கினால், நாலு ஏலத்தோட்டத்துக்கு ஒருவராவது இப்படி இருப்பார். தமிழராகவும் இருப்பார், மலையாளியாகவும் இருப்பார். கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. டிசம்பர் பிறந்துவிட்டால் வருகிறவரை உட்காரவைத்து, “கொஞ்சம் வைன் எடுக்கட்டா?” என்பார். தலையாட்டியவர் தொலைந்தார். ஒரு தம்ளர் வரும் என்று பார்த்தால் நாலு பாட்டில் வரும்; நாலிலும் மருத்துவமனைப் பிளாஸ்திரி ஒட்டி வருசம் எழுதியிருக்கும். “பதினெட்டு இப்பத்தான் கண்ணு முழிக்குது. பத்தொம்பது நின்னு பேசும். இருபது இன்னும் கோவமா இருக்கு, அதை ரெண்டு வருசம் விட்ருவோம். முதல்ல பதினெட்டைக் குடிச்சிட்டு அப்புறம் பத்தொம்பதுக்கு வாங்க, அப்பத்தான் தெரியும்.” என்ன தெரியும் என்பது விருந்தாளிக்குக் கடைசிவரை தெரிவதில்லை. நாலும் இனிக்கின்றன, நாலும் கொஞ்சம் புளிக்கின்றன, நாலிலும் கிராம்பு மணக்கிறது. ஆனால் “பத்தொம்பதுதான் மேல்” என்று சொல்லாமல் அந்த வீட்டு வாசலைத் தாண்ட முடியாது.

இவருக்கு மறுப்பு எழுதுவது எளிது. ஆனால் நியாயமாக எழுத வேண்டும். ஒயினுக்கு வருசம் பார்ப்பது பைத்தியக்காரத்தனம் அல்ல. பிரான்சின் போர்தோ பகுதியில் ஆண்டுக்கு ஒரே அறுவடை, செப்டம்பர், அக்டோபரில். அந்த ஆண்டின் வெயிலும் மழையும் பழத்துக்குள் இறங்கிவிடுவதால் 1982 என்று சொன்னால் அதற்கு ஒரு பொருள் உண்டு. 1976-ல் பாரிஸில் கலிபோர்னியா ஒயின்களையும் பிரெஞ்சு ஒயின்களையும் பெயர் மறைத்துச் சுவைக்கவைத்தார்கள். அதே சிவப்பு ஒயின்களை 30 ஆண்டு கழித்து, 2006-ல் மறுபடி சுவைத்தபோது முதலிடம் பெற்றது 1971-ஆம் ஆண்டு ரிட்ஜ் மான்டே பெல்லோ. 35 வயதில் ஓர் ஒயின் நிமிர்ந்து நின்றது. ஆகவே முதுமை சில ஒயின்களுக்கு அழகு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம்மவர் வாதம் இந்த இடம்வரை சரி. கம்பத்துக்கு இறங்கும்போதுதான் சறுக்குகிறது.

ஏனென்றால் அவருடைய பழம் கம்பம் பன்னீர்த் திராட்சை. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுவது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைப்பது. சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் இந்தக் கொடிக்கு மாரிக்காலம், வேனில் என்ற பேதம் கிடையாது. கவாத்து செய்தால் ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம். ஆண்டுக்கு இரண்டு அறுவடை, சில தோட்டங்களில் மூன்று. ஒரு தோட்டத்தில் பழம் வெட்டும் வாரத்தில் பக்கத்துத் தோட்டத்துக் கொடி பூவில் நிற்கும். கம்பம் பள்ளத்தாக்கின் பெருமையே ஆண்டு முழுக்கப் பழம் கிடைக்கும் என்பதுதான். அப்படியிருக்க, “பத்தொன்பது” என்றால் எந்தப் பத்தொன்பது? தையில் வெட்டியதா, ஆடியில் வெட்டியதா? நம்மவர் அக்டோபர் கடைசியில் கம்பத்துச் சந்தையில் நாலு பெட்டி வாங்கினார். அந்தப் பழம் கண்டது நாலு மாத வானத்தை. ஒட்டிய பிளாஸ்திரி பேசுவதோ பன்னிரண்டு மாதத்தை.

சரி, வருசம் கிடக்கட்டும், வயதாவது ஏறுமா? நீண்ட நாள் வைத்திருக்கும் சிவப்பு ஒயினைத் தாங்கிப் பிடிப்பவை தோலிலும் விதையிலும் இருந்து வரும் துவர்ப்பும், பழத்தின் புளிப்பும். பன்னீரின் பலம் அதன் பெயரிலேயே இருக்கிறது: வாசனை. துவர்ப்பு குறைவு; வாசனையோ இளமையில் நிற்கும், ஆண்டுகள் ஏற ஏற மங்கும். அந்த வாசனையையும் நம்மவர் சும்மா விடுவதில்லை. பழத்துக்குச் சரிபாதி சீனி, ஒரு பிடி கோதுமை, ரொட்டிக்கடை ஈஸ்ட், பட்டை, கிராம்பு, சொந்தத் தோட்டத்து ஏலக்காய். 21 நாள் கழித்து வடிகட்டி, நிறத்துக்காகச் சீனியைக் கருக்கி ஊற்றுகிறார். வயதான சிவப்பு ஒயின் ஊதா மங்கிச் செங்கல் நிறத்துக்கு வரும் என்று எங்கோ படித்திருக்கிறார். அதனால் தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, “பாருங்க, செங்கல் வந்துருச்சு” என்கிறார். அந்தச் செங்கல் முதல் நாளே அடுப்பில் சுட்டது.

“மேட்டுக் குளிரை மறந்துட்டீங்களே” என்பார். மறக்கவில்லை. ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம், மேகம் வீட்டுக்குள் வந்து போகிற ஊர். கீழே போடியின் வெக்கையில் வைப்பதைவிட இங்கே வைப்பது மேல்தான். ஆனால் குளிர் காக்கும் ஒயினைக் காற்று கெடுத்துவிடும். மற்றவர்கள் பழைய ஒயினை ஒரு முறை திறப்பார்கள், அன்றே தீர்ப்பார்கள். இவரோ ஒப்பிட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு டிசம்பரிலும் பதினெட்டைத் திறந்து, ஆளுக்குக் கால் தம்ளர் ஊற்றி, மறுபடி மூடிவைக்கிறார். பாட்டிலில் ஒயின் இறங்க இறங்கக் காற்று ஏறுகிறது. காற்று இருந்தால் பாக்டீரியா சாராயத்தைக் காடியாக்குகிறது. பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் வித்தியாசம் இருப்பது உண்மைதான். அது எத்தனை தடவை ஒப்பிட்டார் என்ற வித்தியாசம். ஒப்பிட ஒப்பிட முதிர்கிறது. முதிர முதிர ஒப்பிடுகிறார்.

“நாக்கு பொய் சொல்லுமா?” என்பது அடுத்த கேள்வி. தாராளமாகச் சொல்லும். 2001-ல் வெளியான போர்தோ ஆய்வு ஒன்றில், வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து 54 பேருக்குக் கொடுத்தார்கள். ஒயின் படிக்கும் மாணவர்களே அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். சாயமே இத்தனை செய்யுமென்றால் பிளாஸ்திரி என்ன செய்யாது? நம்மவரின் தரவரிசையைக் கவனியுங்கள். பத்தொன்பது ஏன் மேல்? 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. பதினெட்டு ஏன் இப்போதுதான் கண் விழிக்கிறது? அது இடுக்கி நீர்த்தேக்கத்தின் மதகுகளை 26 ஆண்டுக்குப் பிறகு திறந்த வெள்ள வருசம். குறிஞ்சி பூத்ததையும் மழை அடித்துப்போனது. இருபது ஏன் கோபமாக இருக்கிறது? அந்த வருசம் மேட்டுச் சாவடியில் இ-பாஸ் இல்லாமல் யாரும் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. அனுமதியில்லாமல் வீட்டில் ஒயின் போடுவது குற்றம் என்று 2019 டிசம்பரில் கேரளக் கலால் துறை எச்சரித்தபோதுகூட அவருக்கு வழக்கைப் பற்றிக் கவலை இல்லை; வரிசையில் ஒரு வருசம் விட்டுப்போகுமே என்றுதான் கவலை.

இங்கே கொஞ்சம் மனம் இளகத்தான் செய்கிறது. டைரி எழுதாத மனிதர். மழைக்கணக்கையும் விலைக்கணக்கையும் பாட்டிலில் அடைத்து வைத்திருக்கிறார். திறந்து நுகரும்போது அவருக்கு எட்டுவது திராட்சை மணமாக இருக்காது. யாருக்கும் கெடுதல் இல்லாத பழக்கம், விட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம்.

கெடுதல் இல்லை என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த நாலு பெட்டிப் பழத்தை ஆய்ந்து கழுவித் துடைத்தது யார்? கை சிவக்கப் பிசைந்தது யார்? 21 நாளும் பரணியைத் திறந்து மரக்கரண்டியால் கிளறி, துணியால் வாய் கட்டியது யார்? வீட்டம்மா. இவர் செய்தது பிளாஸ்திரி வெட்டி வருசம் எழுதியது. பாட்டில் போதாமல் நிறைந்து நிற்கும் பீங்கான் பரணிகள் எல்லாம் வீட்டம்மாவின் ஊறுகாய்ப் பரணிகள். பதினெட்டாம் வருசத்திலிருந்து ஒன்றும் திரும்பி வரவில்லை. முதிர்ச்சியைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிறவர், அடுப்படியில் முதிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் கோபத்தை ஒருநாளும் சுவைத்துப் பார்த்ததில்லை.

ஆகவே ஒயின் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பன்னீர் இளமையில் குடிக்கப் பிறந்த பழம். டிசம்பரில் வடித்ததை ஈஸ்டருக்குள் நாலு பேரோடு சேர்ந்து குடித்து முடியுங்கள். முடித்த கையோடு பரணியை நீங்களே கழுவி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். மாங்காய் சீசன் வருகிறது.