கம்பும் கவுண்டரும்

சிலம்பக் கம்பை அளக்க டேப் வேண்டாம். பிள்ளையை நேராக நிறுத்தி, பக்கத்தில் கம்பை ஊன்றிப் பார்ப்பார் வாத்தியார். புருவம் வரைக்கும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அறுத்துவிடுவார். விமானக் கம்பெனிக்காரர்களுக்கும் ஓர் அளவு இருக்கிறது. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பெரும்பாலான கம்பெனிகளில் இதுதான் சட்டம். பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? இரண்டு அளவையும் ஒட்டிவைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஐந்தடி நாலு அங்குலம் வரை வளர்ந்த பிள்ளையின் கம்பு, பெட்டிகளோடு பெட்டியாகப் போய்விடும். அதற்கு மேல் வளர்ந்தால் ‘ஓவர்சைஸ்’. தனி கவுண்டர், தனிக் கட்டணம். என் பேத்தி போன வருஷம் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டாள். பெண் நன்றாக வளர்ந்திருக்கிறாள் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் 158 ஞாபகம் வந்தது.

நாங்கள் கம்பு பிடித்த நாளில் அதை எப்படிக் கொண்டுபோவது என்று யாரும் யோசித்ததே இல்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலை தெருவை அடைத்துப் பாவு விரித்திருப்பார்கள். கஞ்சி தெளித்து, இழை பிரித்து, முறுக்கிக் கட்டுவதற்குள் வெயில் ஏறிவிடும். அங்கே திரும்பின பக்கமெல்லாம் கழியும் மூங்கிலும்தான். அவற்றில் எது பாவுக்கு, எது சண்டைக்கு என்று யார் தரம் பிரிப்பது? சோழர் காலக் கல்வெட்டுகளில் கைக்கோளர் படை என்று வருகிறது. தறியில் உட்கார்ந்தவர்களும் படையில் நின்றவர்களும் ஒரே கூட்டத்தார் என்பார்கள். எங்கள் வாத்தியார் இந்தக் கல்வெட்டையெல்லாம் படித்தவரில்லை. பகலில் கோர்வைச் சேலை நெய்வார், பொழுது சாய்ந்தால் ஏரிக்கரையில் கம்பு சொல்லிக்கொடுப்பார். மூங்கிலை அனலில் வாட்டி நேராக்கி, கணுவைச் சீவி, எண்ணெய் தடவி நிழலில் காயவைத்த பிறகுதான் கையில் தருவார். தொடுமுறைப் போட்டி என்றால் நுனியில் கரியைக் குழைத்துப் பூசிவிடுவார். கரி எவன் சட்டையில் ஒட்டியதோ அவன் தோற்றான். நடுவர் இல்லை, ரீப்ளே இல்லை. வீட்டில் துணி துவைக்கிறவர்களிடம் மட்டும்தான் அப்பீல்.

அத்தி வரதர் குளத்தை விட்டு வெளியே வந்த 1979ஆம் வருஷம், நாலைந்து பையன்களாகச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு திருவிழாவுக்குப் போனோம். மீட்டர்கேஜ் பாசஞ்சர். வரதரைச் சேவித்துத் திரும்புகிற கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. எதிரெதிரே இருந்த இரண்டு சாமான் பலகைகளுக்கும் குறுக்கே கம்புகளைப் போட்டோம். வாலாஜாபாத் வருவதற்குள் ஒன்றில் இரண்டு தூக்குச் சட்டியும் ஒரு மஞ்சள் பையும் தொங்கின. இன்னொன்றில் ஓர் அம்மா எங்களை ஒரு வார்த்தை கேட்காமலே புடவையைக் கட்டித் தூளி போட்டுவிட்டாள். குழந்தை தூங்கிவிட்டது. செங்கல்பட்டில் இறங்கும்போது அதை யார் எழுப்புவது என்று எங்களுக்குள் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. அந்தக் கம்பு ஓர் ஆயுதம் என்று அந்தப் பெட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் அன்று சாயங்காலமே அதனால் ஒருவனுக்கு விரல் பெயர்ந்தது.

இன்னும் பின்னால் போனால் கப்பல். எங்கள் வாத்தியாருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ரஜூலாவில் மலாயா போனவர். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1920களிலிருந்து 1973 வரை ஓடிய கப்பல் அது. போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். டெக் பயணிகள் பாயை விரித்துக் கிடந்த இடத்தில் இவர் கம்பை இரண்டு கம்பிகளுக்கு நடுவே செருகி வேட்டி காயப்போட்டாராம். பினாங்கில் இறங்கும்போது சுங்கச் சிப்பாய் கம்பைப் பார்த்தான். ஊன்றுகோல் என்று நினைத்து, ‘பெரியவரே, பார்த்து’ என்று கைத்தாங்கலாக இறக்கிவிட்டானாம். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. வாத்தியார் இதைச் சொல்லும்போதெல்லாம் சிப்பாயின் கனிவு கொஞ்சம் கூடிக்கொண்டே போகும். ஆனால் மலேசியாவில் இன்றைக்குச் சிலம்பம் வேரூன்றி, சங்கம் வைத்துப் போட்டி நடத்துகிற அளவுக்கு வளர்ந்ததெல்லாம் இப்படி வேட்டி காயப்போட்ட கம்புகளால்தான்.

சரி, நாங்கள் ரயிலில் போன காலத்தில் விமானத்தில் ஏறுகிறவர்களை யார் எப்படிச் சோதித்தார்கள்? 1978 டிசம்பரில் போலாநாத் பாண்டே, தேவேந்திரநாத் பாண்டே என்ற இரண்டு இளைஞர்கள் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றைக் கடத்தி வாராணசியில் இறக்கினார்கள். கைது செய்யப்பட்டிருந்த இந்திரா காந்தியை விடுதலை செய்யவேண்டும் என்பது கோரிக்கை. கையில் இருந்தவை ஒரு பொம்மைத் துப்பாக்கியும் ஒரு கிரிக்கெட் பந்தும். 1980இல் இரண்டு பேரும் உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஆனார்கள். விளையாட்டுச் சாமானை வைத்து இவ்வளவு உயரம் போனவர்கள் நம் நாட்டில் வேறு யாருமில்லை. எந்த விளையாட்டுக் கோட்டாவிலும் இது கிடைக்காது.

பிறகு 1999 டிசம்பரில் காந்தஹார் விமானக் கடத்தல் வந்தது. 2000த்திலிருந்து விமான நிலையக் காவல் படிப்படியாக மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் கைக்குப் போனது. 2001 செப்டம்பருக்குப் பிறகு உலகம் முழுக்கவே நகவெட்டிகூட சந்தேகத்துக்குரிய பொருளாகிவிட்டது. கைப்பையில் கொண்டுபோகக் கூடாதவை என்று ஒட்டியிருக்கும் பட்டியலில் கிரிக்கெட் மட்டைக்கு இடம் உண்டு, நஞ்சாக்கு, எறிநட்சத்திரம் முதலான தற்காப்புக்கலைச் சாமான்களுக்கும் உண்டு. இவையெல்லாம் செக்-இன் சாமானோடு போகலாம், மடியில் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. நியாயம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த 158ஐத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே காலத்தில்தான் கம்புக்கு மரியாதையும் கூடியது. தமிழ்நாட்டு அரசு வேலைக்கான மூன்று சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அதைச் செயல்விளக்கப் போட்டியாகச் சேர்த்தார்கள். எங்கள் வாத்தியார் காலத்தில் கம்பு சுத்துகிறவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். இப்போது பெற்றோர் சர்டிபிகேட்டை லேமினேட் செய்து வைத்துக்கொள்கிறார்கள். ஆக, அது அடிதடிச் சாமானாக இருந்தவரை ரயிலில் தூளி கட்டினார்கள். பாயிண்ட், மார்க், மெடல் என்று சாதுவான விளையாட்டாக ஆனபிறகு ஸ்கேனரில் நிறுத்தி விசாரிக்கிறார்கள்.

பேத்தியின் அணி கோலாலம்பூர் கிளம்பியபோது வழியனுப்ப நானும் மீனம்பாக்கம் போனேன். பன்னாட்டு முனையத்துக்கு அண்ணாவின் பெயர். எங்கள் ஊர்க்காரர், நெசவாளர் வீட்டுப் பிள்ளை. 1968இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் வரை போய்வந்தவர். அந்தப் பெயருள்ள இடத்தில் காஞ்சிபுரத்துக் கம்புக்கு வழி கிடைக்காமலா போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. பயிற்சி கொடுக்கிற தம்பி எல்லாக் கம்புகளையும் பிளம்பர் கடையில் வாங்கிய பிவிசி குழாய் ஒன்றில் போட்டு, இரண்டு முனையிலும் மூடி மாட்டி, டேப்பைச் சுற்றிக் கட்டியிருந்தார். பாதுகாப்புக்காம். ஆள் உயரத்துக்கு, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் இறுக்கி மூடிய குழாயை ஏர்போர்ட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனால் யாருடைய பாதுகாப்புக்கு என்று கேட்கமாட்டார்களா? கேட்டார்கள். டேப்பை அறுத்து, ஒவ்வொரு கம்பாக உருவி வெளியே வைத்தார்கள். வாசல் காவலர் வடக்கத்திக்காரர். ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்து, ‘லாட்டி?’ என்றார். அவருடைய நாற்காலியில் சாய்ந்திருந்த லத்திக்கும் இதற்கும் நீளம்தான் வித்தியாசம். அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே உள்ளே போகச் சொன்னார்.

கவுண்டரில் இருந்த பெண் தமிழ்ப் பெண்தான்.

‘இது என்ன ஐட்டம் சார்?’

‘சிலம்பம்மா.’

‘தெரியுது சார். ஸ்போர்ட்ஸ்னு போடறதா, வெப்பன்னு போடறதா? சிஸ்டத்துல ரெண்டுல ஒண்ணுதான் எடுக்கும்.’

என் பேத்தி போனில் சர்டிபிகேட்டைக் காட்டினாள். அந்தப் பெண் படித்துப் பார்த்துவிட்டு, ‘கங்கிராட்ஸ்’ என்று சொல்லி, ஸ்போர்ட்ஸ் என்றே போட்டு, ஓவர்சைஸ் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டாள். சிலம்பத்தோடு பழகுகிற சுருள்வாளைக் கொண்டுவர வேண்டாம் என்று தம்பி முன்னாலேயே சொல்லிவிட்டார். மான்கொம்பு ஆயுதத்தின் கதை தனி. அசல் கொம்பாக இருந்தால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம், இரும்பில் செய்ததாக இருந்தால் விமான நிலையம். எந்தப் பக்கம் போனாலும் குத்தும். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் டெல்லிக் கண்காட்சிக்குத் தறி வேலை காட்டப் போனபோது நாடாவைக் கைப்பையில் வைத்திருந்தார். இரண்டு முனையிலும் இரும்புக் கூர். எக்ஸ்ரேயில் பார்த்த ஆசாமி திகைத்துப்போனாராம். பட்டுச்சேலை இதில்தான் நெய்கிறோம் என்று இவர் நடுக்கூடத்தில் நின்று வலது கையிலிருந்து இடது கைக்கு நாடா எறிந்து காட்டியிருக்கிறார். எறிந்து காட்டியது தப்பாய்ப் போயிற்று.

ஊரில் இதைச் சொன்னால் பையன்கள் உடனே போதிதர்மரை இழுத்துவிடுவார்கள். 2011இல் ‘ஏழாம் அறிவு’ படம் வந்ததிலிருந்து அவர் எங்கள் ஊருக்குக் கிட்டத்தட்ட வார்டு கவுன்சிலர் மாதிரி. காஞ்சிபுரத்திலிருந்து சீனாவுக்குக் கலையைக் கொண்டுபோனவருக்கு எந்த ஏர்போர்ட்டில் தாத்தா கட்டணம் போட்டார்கள் என்று கேட்கிறார்கள். பழைய சீன நூல் ஒன்று அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது, இன்னொன்று பாரசீகத்தார் என்கிறது. அவரைச் சண்டைக் கலையோடு முடிச்சுப் போட்ட ‘யிஜின் ஜிங்’ 17ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் பிந்தியது. கம்பு விஷயத்தில் ஷாவோலின் துறவிகள் கும்பிட்டது கின்னரரை. மடத்துச் சமையல்கட்டில் வேலை பார்த்தவர், கலகக்காரர்கள் வந்தபோது அடுப்பு கிளறுகிற கோலோடு வெளியே வந்து விரட்டினார் என்பது அவர்கள் கதை. எனக்கு இந்தச் சமையல்காரரைத்தான் பிடிக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் இதைச் சத்தமாகச் சொல்ல மாட்டேன். கம்பால்தான் பதில் வரும்.

இனி மீனம்பாக்கம் வரை போகவேண்டாம், ஏர்போர்ட்டே எங்களைத் தேடி வருகிறது என்கிறார்கள். 2022 ஆகஸ்டில் பரந்தூர் என்று அறிவித்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டுமாம். வயலும் ஏரியும் போகிறது என்று ஏகனாபுரத்துக்காரர்கள் அன்றிலிருந்து போராடிக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்குக் கம்பு பழக ஓர் ஏரிக்கரை போதும். அது எந்த ஓடுபாதைக்கு அடியில் போகும் என்று நினைத்தால் எனக்கு ஏகனாபுரத்துப் பக்கம்தான் நிற்கத் தோன்றுகிறது. ஒன்று மட்டும் நிச்சயம். திறப்பு விழா என்று ஒன்று நடந்தால் பறையும் சிலம்பமும் இல்லாமல் நடக்காது. மந்திரிகள் வந்து இறங்க, வாசலில் நின்று பிள்ளைகள் வியர்க்க வியர்க்கச் சுத்துவார்கள். முடிந்ததும் அதே வாசலில், கம்பை உள்ளே கொண்டுவரக் கூடாதென்று பலகை மாட்டுவார்கள்.

இந்த வருஷம் அணியில் வேறு யோசனை. ஆட்கள் விமானத்தில் போவது, கம்புகளைப் பத்து நாள் முன்னதாகக் கொரியரில் அனுப்பிவிடுவது. போட்டி நடக்கிற இடத்திலேயே கம்பு தருகிறோம் என்றுதான் போட்டி நடத்துகிறவர்கள் சொன்னார்கள். பேத்தி ஒப்புக்கொள்ளவில்லை, பிறத்தியார் கம்பில் எடை கைக்குத் தெரியாதாம். கொரியர் ஆபீசில் படிவம் கொடுத்தார்கள். ‘பொருளின் பயன்பாடு’ என்ற கட்டத்தில் அவள் ‘சுத்துவதற்கு’ என்று எழுதினாள். அங்கிருந்த பையன் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

‘இப்படிப் போட்டா கஸ்டம்ஸ்ல நிறுத்திடுவான் பாப்பா’ என்று சொல்லி, அடித்துவிட்டு ‘டெகரேஷன் ஐட்டம்’ என்று அவனே எழுதினான்.

வெளியே வந்ததும் பேத்தி கேட்டாள்: ‘அப்ப நான் அங்க போய் இதைச் சுத்தணுமா தாத்தா, இல்ல ஆணியடிச்சு மாட்டணுமா?’