தையல்காரர் ஃபீபிளும் பணிப்பெண் ஃபாய்பிளும்

ஆங்கிலத்தில் ‘ஃபீபிள்’ என்றால் தெம்பில்லாதது. ‘ஃபாய்பிள்’ என்றாலும் பலவீனம்தான். ஆனால் தெம்பு நிறைய உள்ளவரிடம் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பலவீனம். காய்ச்சலில் கிடந்து எழுந்தவரின் குரல் ஃபீபிள். மாவட்டத்தையே ஆட்டிப்படைத்த கலெக்டர், ஓய்வுக்குப் பிறகு பழைய ரப்பர் பேண்டுகளைக் கதவுக் குமிழில் சேர்த்துவைப்பது ஃபாய்பிள்.

இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ‘அழத்தக்கது’ என்று பொருள்படும் லத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஃபீபிள் ஆகி இடைக்காலத்திலேயே இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. ஃபாய்பிள் வந்து சேர்ந்தது 17ஆம் நூற்றாண்டில், வாள்வித்தைச் சொல்லாக. வாள்வித்தைக்காரர்கள் வாளின் கைப்பிடியிலிருந்து நடுவரை உள்ள பாதியை ‘ஃபோர்ட்’ என்பார்கள். எதிராளியின் வீச்சைத் தாங்குவது அதுதான். நடுவிலிருந்து நுனிவரை ஃபாய்பிள். லேசாகத் தட்டினாலே விலகிவிடும். ஆனால் குத்துவதும் அந்த நுனிதான்.

நாடகக்காரர்கள் இரண்டு பெயருக்கும் ஆள் பிடித்தார்கள். 1600இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ இரண்டாம் பாகத்தில் ஃபால்ஸ்டாஃப் என்ற பாத்திரம் படைக்கு ஆள் எடுக்கிறது. காளைக்கன்று என்று பொருள்படும் பெயர் கொண்ட புல்காஃப், மன்னரின் முடிசூட்டு நாளில் மணியடித்ததில் சளி பிடித்துவிட்டது என்று சாக்குச் சொல்லி, லஞ்சமும் கொடுத்து நழுவிவிடுகிறார். பெண்களுக்கு உடை தைக்கும் ஃபீபிளோ மறுபேச்சில்லாமல் போருக்குக் கிளம்புகிறார்.

வில்லியம் காங்கிரீவ் 1700இல் மேடையேற்றிய ‘தி வே ஆஃப் தி வேர்ல்டு’ நாடகத்தில் ஃபாய்பிள் ஒரு பணிப்பெண். கோபத்தில் விரிசல் விட்ட எஜமானியின் முகப்பூச்சைப் பூசி மெழுகுவது அவள் வேலை. அதே எஜமானியை ஏமாற்றும் திட்டத்திலும் அவளுக்குப் பங்குண்டு.

ஃபாய்பிள் உள்ள நிஜ மனிதர்களில் முதல் மரியாதை சாமுவேல் ஜான்சனுக்கு. 1755இல் ஆங்கில அகராதி வெளியிட்ட அந்தப் பெரிய மனிதர், பிழிந்த ஆரஞ்சுப் பழத்தின் தோலைப் பைக்குள் போட்டுக்கொள்வார். வீட்டில் அது பக்குவமாக நறுக்கி வைத்திருப்பதைப் பார்த்த நண்பர் பாஸ்வெல் துருவித் துருவிக் கேட்டும், எதற்கென்று அவர் வாய் திறக்கவில்லை.

டீ விஷயத்தில் ஒளிவுமறைவே கிடையாது. டீ நாட்டைக் கெடுக்கிறது என்று ஜோனாஸ் ஹான்வே என்பவர் எழுதப்போக, 1757இல் பதில் எழுதிய ஜான்சன், தான் திருந்தாத டீப் பைத்தியம் என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

ஹான்வேயிடமும் ஒரு ஃபாய்பிள் இருந்தது. ஆண்கள் குடை பிடித்தால் கேலி செய்த லண்டனில் அவர் குடையும் கையுமாகத்தான் நடப்பார். மழை வந்தால் நாலு காசு பார்க்கும் வாடகைக் குதிரைவண்டிக்காரர்களுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. டீயும் குடையும் இல்லாத வீடு இன்று லண்டனில் அபூர்வம் என்பதால், இரண்டையும் யாரும் ஃபாய்பிள் கணக்கில் சேர்ப்பதில்லை.