அந்த ஐஸ் காபி யாருக்கு?

கட்டுரையாளரின் காபி ஆறிவிட்டது. கோபம் இன்னும் ஆறவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், டபரா டம்ளரும் கையுமாக அவர் ‘டிடெக்டிவ் கோனன்’ பார்க்க உட்கார்ந்தார். திரையில் நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பணிப்பெண் காபி கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் இருந்த தம்பி மகன், “கண்ணாடி போட்டவர் குடிக்கப் போறாரு பெரியப்பா. செத்தாரு பாருங்க” என்றான். சொன்னபடியே செத்தார். அதோடு விட்டிருக்கலாம். “உங்க காபிய யாரு போட்டாங்கன்னும் கொஞ்சம் பாத்துக்குங்க” என்றான். போட்டவர் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நடந்தது குடும்ப விஷயம்.

இந்தத் தொடரில் காபியை நிம்மதியாக ரசித்துக் குடிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் யார் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் ஒரு சின்ன விஷயத்தை முடித்துவிடலாம்.

1994இல் அவோயாமா கோஷோ இந்த மங்காவைத் தொடங்கினார். 1996 ஜனவரியில் அனிமே வந்தது. மங்கா நூறு தொகுதிகளைத் தாண்டிவிட்டது, அனிமே ஆயிரத்து நூறு எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் கோனன் இன்னும் ஒன்றாம் வகுப்பில்தான் இருக்கிறான். பெயில் ஆனானா என்று கேட்க ஆளில்லை. வில்லன் கூட்டத்தில் எல்லாருக்கும் சரக்கின் பெயர்: ஜின், வோட்கா, வெர்மூத், ரம். நல்லவர்கள் பக்கம் ஓடுவது காபி. சாராயம் கெட்டது, காபி நல்லது என்று ஆசிரியர் நினைத்திருந்தால் கட்டுரையாளர் கைதட்டியிருப்பார். ஆனால் சரக்குப் பெயர்க்காரர்கள் பெரும்பாலும் துப்பாக்கியால்தான் சுடுகிறார்கள். வாரா வாரம் விஷம் விழுவது சாதாரண ஜனங்களின் கோப்பையில்.

விழுகிற விதமும் ஒன்றா இரண்டா? விளிம்பில் தடவலாம், பிடியில் தடவலாம், கரண்டியில் தடவலாம். சர்க்கரையில் கலக்கலாம். ஐஸ் கட்டிக்குள் உறைய வைத்துவிட்டு, தானும் அதே ஜாடியிலிருந்து முதல் ஆளாகக் குடித்துக் காட்டலாம். செத்தவர் இடது கைக்காரராக இருந்தால் கோப்பையின் வேறு பக்கம் தடவ வேண்டும். அதற்குத் தனிக் கணக்கு. பிறகு கோனன் வந்து குனிந்து முகர்ந்து பார்ப்பான். பாதாம் வாசம். பொட்டாசியம் சயனைடு. கசப்புப் பாதாம் வாசத்தைப் பிறவியிலேயே உணர முடியாதவர்கள் உலகத்தில் உண்டு. அந்தக் குறை உள்ள துப்பறிவாளன் ஒருவன் இருந்தால் இந்தத் தொடரில் பாதி வழக்கு மாரடைப்பு என்று முடிந்திருக்கும்.

கொலைக்கு அஞ்சுகிறவர்கள் காபிக் கடைக்குப் பேர் வைக்கும்போதாவது யோசித்திருக்க வேண்டும். கோனன் தங்கியிருக்கும் மோரி துப்பறியும் நிறுவனத்துக்குக் கீழே, தரைத்தளத்தில் இருக்கிற கடையின் பெயர் ‘பொய்ரோ’. அகதா கிறிஸ்டியின் எர்க்யூல் பொய்ரோ. அந்த மனிதருக்குக் காலையில் வேண்டியது கெட்டியான சாக்லேட் பானம். தலைவலித்தால் மூலிகைக் கஷாயம். சரி, காபி பிடிக்காதது குற்றமில்லை. ஆனால் 1920இல் அவர் முதன்முதலாக வந்த நாவலிலேயே, செத்துப்போன அம்மாவின் அறையில் ஒரு காபிக் கோப்பை மாவாக மிதிபட்டுக் கிடக்கிறது. விஷம் எதில் இருந்தது என்று இங்கே சொன்னால் வாசகர்கள் அடிக்க வருவார்கள். 1930இல் கிறிஸ்டி அவரை முதன்முறையாக மேடையில் ஏற்றினார். நாடகத்தின் பெயர் ‘பிளாக் காபி’. அதில் விஞ்ஞானி ஒருவர் காபி குடித்துவிட்டு நாற்காலியிலேயே செத்துப்போகிறார். இப்படிப்பட்ட ராசிக்காரர் பெயரில் காபிக் கடை திறக்கிறவரின் தைரியத்தை என்ன சொல்வது?

இதற்கு ஹோம்ஸ் பெயரையே வைத்திருக்கலாம். கோனனுக்கும் அவர்தான் தெய்வம். பாஸ்கர்வில் நாவலில் ஹோம்ஸ் நாற்காலியை விட்டு எழாமல் இரண்டு பெரிய ஜாடி காபியைத் தீர்க்கிறார். அதே நாவலின் தொடக்கத்தில், பளபளக்கும் காபிக் குடுவையில் பிம்பம் பார்த்தே முதுகுக்குப் பின்னால் வாட்சன் என்ன செய்கிறார் என்று சொல்லிவிடுகிறார். காபிக்கு இதைவிட மரியாதை வேறென்ன வேண்டும்?

இப்போது அந்தச் சின்ன விஷயம். கடைக்குப் போனால் கோனன் கேட்பது ஐஸ் காபி. ஏழு வயசு. பக்கத்தில் வகுப்புத் தோழர்கள் அயுமியும் கென்டாவும் ஜூஸ் உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். இவன் எதிரே உயரமான கண்ணாடிக் குவளையில் கறுப்பாக ஐஸ் காபி.

உள்ளே இருப்பது, உடம்பு சுருங்கிச் சிறுவனாகிப்போன பதினேழு வயசுத் துப்பறிவாளன் குடோ ஷினிச்சி என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாதே! சுற்றி யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். டோக்கியோ காவல்துறையின் கொலைப் பிரிவு முழுசாக. ஒசாகாவிலிருந்து இளம் துப்பறிவாளர் ஹெய்ஜி. அமெரிக்காவிலிருந்து எஃப்.பி.ஐ. செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்து எந்த ஊர் என்று சொல்கிறவர்கள். தும்மலை வைத்துப் பொய்யைப் பிடிக்கிறவர்கள். தினமும் கண்ணெதிரே ஒரு பொடியன் ஸ்ட்ராவில் கறுப்புக் காபி உறிஞ்சுகிறான். ஒருத்தருக்கும் வழக்கு தோன்றவில்லை. மோரியின் மகள் ரானுக்கு எத்தனையோ தடவை சந்தேகம் வந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், ஷினிச்சியின் பழைய படத்தோடு ஒப்பிட்டாள். பில்லை எடுத்துப் பார்த்திருந்தால் போதும். ஜூஸ் இரண்டு, ஐஸ் காபி ஒன்று. வழக்கு முடிந்தது.

ஹெய்ஜி பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வந்த முதல் நாளே ஜலதோஷக்காரச் சிறுவனுக்கு மருந்து என்று சீனச் சாராயத்தைக் கொடுத்தவர் அவர். அதில்தான் ஷினிச்சி பழைய உருவத்துக்கு வந்தான். ஏழு வயசுப் பிள்ளைக்குச் சாராயம் ஊற்றியதற்கே அந்த வீட்டில் எவரும் போலீசைக் கூப்பிடவில்லை. அப்புறம் காபிக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்?

உச்சம் அமுரோ. ‘பொய்ரோ’வில் பரிமாறுகிறவர். மேலே மோரியிடம் சீடர், வில்லன் கூட்டத்தில் ‘போர்பன்’, உண்மையில் ரகசியப் போலீஸ். ஒரே ஆளுக்கு இத்தனை வேலை, அதில் ஒன்று காபி போடுவது. (காபிக் கடைக்காரரான இவரை நாயகனாக வைத்து 2018இல் கிளைக்கதை ஒன்று வந்தது. அதற்கு வைத்த பெயர் ‘ஜீரோவின் டீ டைம்’. கட்டுரையாளர் அதைப் பற்றிப் பேச மறுக்கிறார்.) இந்த அமுரோ, செத்ததாக ஊரே நம்பிய எஃப்.பி.ஐ. ஆள் அகாய் ஷூயிச்சி உயிரோடுதான் இருக்கிறார் என்று எதை வைத்துக் கண்டுபிடித்தார்? அகாய் எப்போதோ ஒரு நாள் கேன் காபியைக் கைநழுவ விட்டார் என்ற தகவலை ஒரு முக்கியத் துப்பாக வைத்து. கைரேகை பதியாமல் இருக்க விரல்நுனியில் கொலோடியன் பூசியிருந்ததால் கேன் வழுக்கியது. என்ன மூளை! ஜப்பானில் 1969இல் யூசிசி பால் கலந்த காபியைக் கேனில் அடைத்து விற்கத் தொடங்கிய காலத்திலிருந்து எத்தனை கோடி கேன்கள் கீழே விழுந்திருக்கும்? அதில் ஒரே ஒரு கேனைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் போகத் தெரிந்தவருக்கு, தான் வேலை பார்க்கும் கடையில் ஒரு பொடியன் குடிப்பது என்ன என்பது துப்பாகவே படவில்லை. கோனன் சாதாரணப் பையன் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த முடிவுக்கு அவர் வந்தது அவன் மூளையைப் பார்த்து, அவன் குவளையைப் பார்த்து அல்ல.

அந்த அமுரோ செய்யும் ஹாம் சாண்ட்விச்சைப் பற்றி மட்டும் ஒரு கதையே உண்டு. ரொட்டியை ஆவியில் காட்டுவது, மயோனைசில் துளி மிசோ சேர்ப்பது என்று செய்முறை முழுக்க வந்துவிட்டது. காபிக் கொட்டை எந்த ஊர், எப்படி வறுத்தது, எவ்வளவு நேரம் வடிகட்டுவது? இந்தப் பக்கம் ஒரு விசாரணையும் இல்லை. சாண்ட்விச்சுக்கு இருக்கும் மதிப்பு காபிக்கு இல்லாத கடை அது.

தொத்தோரி மாகாணத்தில் ஹொகுயே என்றொரு ஊர், அவோயாமாவின் சொந்த ஊர். அந்த மாகாணத்தில் விமான நிலையத்துக்கே கோனன் பெயர். ஊரின் ரயில் நிலையத்துக்கும் அதே பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். தெருவில் வெண்கலத்தில் நிற்கிறான். அங்கே ‘பொய்ரோ’வையும் நிஜமாகவே கட்டிவிட்டார்கள். உலகமெங்கிலுமிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்களாம். அதில் ஏதோ ஒரு ஏழு வயசுப் பிள்ளை, கண்ணாடியும் சிவப்பு போ டையும் போட்டுக்கொண்டு, “எனக்கு ஐஸ் காபி” என்று கேட்டிருக்காமல் இருக்காது. அதன் அம்மா, எந்தத் துப்பறியும் பயிற்சியும் இல்லாமல், “உனக்கு ஆரஞ்சு ஜூஸ்தான்” என்று சொல்லியிருக்காமலும் இருக்க மாட்டார்.