வெந்நீர் வாத விளக்கம்

நீருக்குத் ‘தண்ணீர்’ என்று பெயர் வழங்கிய நம் முன்னோர், நீர் என்றால் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதை அந்தச் சொல்லிலேயே தீர்மானம் செய்துவிட்டார்கள். ஆகையால் ‘சுடுதண்ணீர்’ என்கிறவன் சுடுகின்ற குளிர்நீரைக் கேட்கிறான் என்பதும், ‘வெந்நீர்’ என்கிறவனே வழுவில்லாமல் பேசுகிறான் என்பதும் இலக்கணம் அறிந்தோர்க்குப் புதிய சங்கதி அல்ல. இந்த நுட்பத்தில் அக்கறை இல்லாத என் வீட்டாரோ, விடியற்காலையில் “கீஸர் போட்டாச்சா?” என்று மட்டும் கேட்டு, இரண்டு பதங்களையும் ஒருங்கே தவிர்த்துவிடுகிறார்கள்.

அந்தக் கீஸர் என்ற சொல்லோ, ஐஸ்லாந்துத் தீவில் ஹௌகாடாலூர் என்னும் பள்ளத்தாக்கில், பூமிக்குள்ளிருந்து கொதிநீரைப் பீறிட்டுக் கக்குகிற ஓர் ஊற்றின் திருநாமம். லண்டனில் அலங்கார வர்ணம் பூசுவதைத் தொழிலாகக் கொண்டிருந்த பெஞ்சமின் வாடி மாகன் என்பவர், 1868-ஆம் ஆண்டில், வாயுவை எரித்து ஜலத்தைச் சுட வைக்கும் ஒரு யந்திரத்தைச் செய்து, அதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். புகைபோக்கி இல்லாத அந்த யந்திரத்தில் குளித்தவர்களின் துணிச்சலைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். எனினும் பெயரிட்ட விஷயத்தில் அவர் ஒரு தவறு செய்தார் என்பது என் கட்சி. ஐஸ்லாந்து ஊற்று கேட்காமலே வாரி வழங்குவது. குளியலறைக் கீஸரோ வழங்குவதே இல்லை, மாற்றிக்கொள்ளுகிறது. அதன் சகல குணதோஷங்களும் இந்த ஒரு லட்சணத்திலிருந்தே பிறக்கின்றன என்று நிறுவுவதே இக்கட்டுரையின் பிரதிக்ஞை.

இந்தத் தத்துவத்தை எனக்கு முதலில் உபதேசித்தது என் பாட்டி வீட்டுக் கூடத்துக்குப் பின்புறம் இருந்த செம்பு பாய்லர். நடுவே கரியும் கொட்டாங்கச்சியும் எரிகிற குழல், அதைச் சுற்றி ஜலம், மேலே ஒரு புனல், பக்கத்தில் ஒரு மூக்கு. புனலில் ஒரு சொம்பு பச்சைத்தண்ணீரை ஊற்றினாலொழிய மூக்கின் வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வாளியில் விழாது. சொம்பைக் கொடுக்காமல் வெறும் வாளியை மட்டும் நீட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துப் பாட்டி, “அதுக்கு நீ என்னடா கொடுத்தே?” என்று கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

இப்போது சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டிக்கு வருவோம். இங்கே பூர்வபட்சம் ஒன்று எழுகிறது. அதை எழுப்பியவர் என் மைத்துனர். எழுப்பிய சமயத்தில் அவர் தலை முழுவதும் சீயக்காய் இருந்தது. “பெட்டி நிறைய வெந்நீர் இருக்கிறது, பெட்டி மேலே இருக்கிறது, குழாய் கீழே இருக்கிறது, மேல்தொட்டி காலியானால் பச்சைத்தண்ணீர் நிற்பது நியாயம், வெந்நீர் ஏன் நிற்கவேண்டும்?” என்பது வாதம். சித்தாந்தம் வருமாறு: பச்சைத்தண்ணீர் பெட்டியின் அடிப்பாகத்தில் நுழைகிறது, வெந்நீரை வெளியே கொண்டுபோகும் குழலின் வாயோ பெட்டிக்குள் உச்சிவரை ஏறி நிற்கிறது, சூடான ஜலம் இலேசானது ஆகையால் மேலே மிதக்க, கீழே புகுகிற புது ஜலம் தள்ளினால்தான் அது குழலின் வாயை எட்டும். மொட்டைமாடித் தொட்டி வறண்டுவிட்டால் தள்ளுவாரில்லை. பதினைந்து லிட்டர் வெந்நீர் தலைக்கு மேலே இருந்தும் மைத்துனருக்கு அது பயன்படாது. பெட்டி காலியாகி, உள்ளே இருக்கும் மின்கம்பி வெறும் காற்றில் காய்ந்து கருகாமல் இருப்பதும் இந்த அமைப்பின் புண்ணியமே என்று நான் கதவுக்கு வெளியே நின்று விளக்கினேன். அவர் அதைச் சமாதானமாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கணிதத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 15 லிட்டர் ஜலத்தை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த, 2,000 வாட் கம்பிக்கு ஏறத்தாழ 18 நிமிஷம் பிடிக்கிறது. அதைப் பச்சைத்தண்ணீரோடு விளாவி 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால், ஏட்டின்படி 35 லிட்டர், அதாவது இரண்டு வாளிக்குச் சற்றுக் குறைவு. நடைமுறையில், உள்ளே நுழையும் ஜலம் கலந்துவிடுவதால், அதற்கும் குறைவு. ஐந்து பேர் உள்ள வீட்டில் தீபாவளி விடியலில் இந்தக் கணக்கின் விளைவு யாது என்பதைத் தலையில் எண்ணெயோடு வரிசையில் ஐந்தாவதாக நின்றவன் அறிவான்.

குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் வராத காரணமும் இந்த மாற்றிக்கொள்ளும் குணமே. பெட்டியிலிருந்து குழாய்வரை பத்து மீட்டர் அரையங்குலக் குழாய் ஓடுமானால், அதற்குள் ஒரு லிட்டருக்கு மேல் ஆறிய ஜலம் தங்கியிருக்கும். அது முதலில் வெளியேறினாலன்றி வெந்நீருக்கு வழியில்லை. இந்த இடைவேளையில் மனிதன் மூன்று பிரமாணங்களையும் பிரயோகிக்கிறான்: விரலை நீட்டித் தொட்டுப் பார்ப்பது பிரத்யட்சம், குழாயின் ஓசை மாறியதைக் கேட்டு ஊகிப்பது அநுமானம், “வந்துடுத்து, வந்துடுத்து, குளிங்கோ” என்று சமையலறையிலிருந்து வரும் குரல் ஆப்தவாக்கியம். மூன்றாவதை நம்பிச் சொம்பைத் தலையில் கவிழ்த்தவர்கள் முதலாவதுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

பெட்டியின் கீழே சொட்டுச் சொட்டாக ஒழுகும் சிறு வால்வைப் பற்றி எதிர்வீட்டு நண்பர் என்னிடம் வருந்திப் பேசி, அதைப் பசை வைத்து அடைத்துவிடப் போவதாகத் தெரிவித்தார். நான் பதறிப்போனேன். 15 லிட்டர் ஜலம் 60 டிகிரிக்குச் சூடேறும்போது ஏறக்குறைய 200 மில்லி, ஒரு பெரிய தம்ளர் அளவுக்கு, விரிகிறது. வந்த வழியே அது திரும்ப முடியாதபடி ஒருவழி வால்வு தடுத்துவிட்டால், அழுத்தம் எங்கே போகும்? சூடேறுகிற வேளையில் அந்தச் சொட்டு ஒழுக்கம் கெட்டதன் அடையாளம் அன்று. ஒழுங்காக இருப்பதன் அடையாளம். இரவு பகலாக ஒழுகினால் மட்டுமே வால்வின்மேல் வழக்குத் தொடரலாம். அதை அடைப்பவனோ தன் குளியலறையில் வெடிகுண்டை ஸ்தாபிதம் செய்கிறான்.

இனி, யாரும் கண்ணெடுத்துப் பாராத ஒரு தியாகியைப் பற்றி. கப்பல்களின் அடிப்பாகத்தில் வேய்ந்த செம்புத் தகடு கடல்நீரில் அரிக்காமல் இருக்க, அதைவிட எளிதில் அரிபடும் உலோகம் ஒன்றை அதனோடு பிணைத்துவிட்டால் போதும் என்று 1824-இல் ஹம்ப்ரி டேவி கண்டுரைத்தார். அதே யுக்தியால் கீஸருக்குள் ஒரு மக்னீஸியத் தண்டு தொங்குகிறது. பெட்டியின் இரும்பைத் தின்ன வருகிற ரசாயனத்துக்குத் தன்னையே இரையாகக் கொடுத்துத் தேய்கிறது. வஜ்ராயுதத்துக்காக முதுகெலும்பைக் கொடுத்த ததீசி முனிவரை இந்திரனாவது நினைத்திருப்பான். இந்தத் தண்டை நினைப்பவர் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றவேண்டும் என்பது விதி. விதியை நான் நன்கு அறிவேன்.

அறிந்தும் ஏழு வருஷம் கழித்தே பிளம்பரை அழைத்தேன்; பெட்டி, அரிசி உலை போலக் குமுற ஆரம்பித்ததால் அழைத்தேன். அவர் மின்சாரத்தை நிறுத்தி, ஜலத்தை வடித்து, அடிமூடியைக் கழற்றியபோது, தண்டு இருந்த இடத்தில் ஒரு மெல்லிய கம்பி மட்டுமே மிஞ்சியிருந்தது. மின்கம்பியோ வெள்ளைப் பவழக்கொடிபோல் பருத்திருந்தது. எங்கள் சென்னை ஆழ்குழாய் ஜலத்தில் கரைந்திருக்கும் கால்ஸியம், சூடு பட்டதும் சுண்ணாம்புக்கல்லாகிக் கம்பிமேல் படியும். படிந்த பிறகு, கம்பி கல்லைச் சுட்டு, கல் ஜலத்தைச் சுடவேண்டும்.

“சார், தண்ணியைவிட இதான் ஜாஸ்தி இருக்கு உள்ளே” என்றார் பிளம்பர்.

ஏழு வருஷம் நாங்கள் கொடுத்த பச்சைத்தண்ணீருக்கு வெந்நீர் போக மீதியை அந்தப் பெட்டி கணக்குத் தப்பாமல் எடுத்து வைத்திருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, என் தாயார் உள்ளேயிருந்து விழுந்த அரை முறம் வெள்ளைச் சில்லுகளில் ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே நொறுக்கிப் பார்த்தாள்.

“இடிச்சா கோலத்துக்கு ஆகும் போலிருக்கே” என்று சொல்லி, ஒரு பழைய டப்பாவில் வாரிப் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை வாசற்கோலத்தில் புள்ளிகள் சற்றுத் தடித்து விழுந்திருந்தன.