ஏலாக்குறிச்சியில் காரணமின்றி ஓடுதல்: ஓர் ஆய்வு

ஒருவர் ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்பது அரியலூர் மாவட்டம் திருமானூர் வட்டாரத்திலுள்ள ஏலாக்குறிச்சியின் அடிப்படைச் சித்தாந்தம். பஸ் கிளம்பிவிட்டது, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இவற்றில் அடங்காத ஓட்டத்தை ஊர் ஓட்டமாகவே ஏற்பதில்லை. பள்ளிக்கூட நாளோடு ஓட்டத்தை விட்டு, நாற்பதைக் கடந்து, தொந்தி விழுந்தபின் மறுபடி ஓடக் கிளம்பும் ஒருவர் இந்தச் சித்தாந்தத்தோடு மோதும்போது என்ன ஆகிறது என்பதே நம் ஆய்வுப் பொருள். பல்கலைக்கழகங்கள் இதைத் தொடாமல் விட்டதற்குப் பேராசிரியர்களின் உடல்வாகு காரணமாக இருக்கலாம்.

முன்னோடி இலக்கியம் நமக்கு உள்ளூரிலேயே கிடைக்கிறது. 1680-இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் இவ்வூர் அடைக்கல மாதாவின் மேல் திருக்காவலூர்க் கலம்பகம் பாடியவர். பரமார்த்த குருவின் கதையும் அவருடையதே. அதில் சீடர்கள் குதிரை முட்டை என்று நம்பிப் பூசணிக்காயை விலைகொடுத்து வாங்குகிறார்கள். அது விழுந்து உடைய, புதரிலிருந்து ஒரு முயல் பாய, குதிரைக்குட்டி தப்பிவிட்டதென்று துரத்துகிறார்கள். உரையாசிரியர்கள் இதை மூடத்தனத்துக்குச் சான்றாகக் காட்டி முடித்துக்கொண்டார்கள். ஓட்டவியல் நோக்கில் பார்த்தால் பிழை முட்டையில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. பழக்கமில்லாத கால்களை வைத்துக்கொண்டு முயலின் வேகத்தில் ஓடினார்கள். மறுபடி ஓட வருகிறவர் ஒவ்வொருவருக்கும் முன்னால் இப்படி ஒரு முயல் ஓடுகிறது. பதினெட்டு வயதில் அவரே ஓடிய ஓட்டம்தான் அது.

இந்த முயலைத் துரத்துவதால் வரும் கேடு உடலியலில் தெளிவாகவே இருக்கிறது. நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களில் பழக்கத்துக்கு வந்துவிடும். தசைநாண்களும் எலும்பும் அப்படியல்ல, மாதக்கணக்கில் நேரம் கேட்கும். ஆகவே மூச்சு சரியாகிவிட்டது என்று மூன்றாம் வாரம் மிதப்பில் ஓடுகிறவர் நான்காம் வாரம் கெண்டைக்காலில் தைலம் தேய்த்தபடி திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் ஜெஃப் காலோவே 1970-களிலிருந்தே சற்று ஓடு, சற்று நட, மறுபடி ஓடு என்று சொல்லிக்கொடுத்தார். பயிற்சியாளர்கள் வைக்கும் இன்னொரு அளவுகோல் பேச்சுச் சோதனை. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. வார்த்தை துண்டுபட்டால் குறைக்க வேண்டும்.

நகரத்தில் இந்தச் சோதனையை வைக்க ஆள் கிடையாது. ஏலாக்குறிச்சியில் அதை ஊரே இலவசமாக நடத்துகிறது. கொள்ளிடக் கரைப் பக்கம் விடியலில் பதிவான உரையாடல் ஒன்று:

“என்னப்பா, பஸ்ஸ விட்டுட்டியா?”

“இல்ல பெரியப்பா, சும்மா, உடம்புக்கு.”

“உடம்புக்கு என்ன?”

இந்த இரண்டாம் கேள்விதான் ஆய்வின் திருப்புமுனை. ‘ஒண்ணுமில்ல’ என்றால் மறைப்பதாக அர்த்தம். ‘சுகர்’ என்றால் நாவல்கொட்டைப் பொடியின் செய்முறை முழுதும் கேட்டாக வேண்டும். பதில் சொல்லாமல் ஓடிவிட்டாலோ, மரியாதை தெரியாதவன் என்ற செய்தி ஓடுகிறவருக்கு முன்பே அவர் வீடு போய்ச் சேர்ந்துவிடும். எனவே மூச்சிரைக்காமல் பதில் சொல்லும் வேகத்தில் மட்டுமே இவ்வூரில் ஓட முடியும். கேள்வி நீண்டால் நடந்தே ஆக வேண்டும். காலோவேயின் முறையைப் பெரியப்பாக்கள் அவர் பெயரைக் கேள்விப்படாமலே நடைமுறைப்படுத்தி வருகிறார்கள்.

நாய்களின் பங்களிப்பு தனி ஆய்வுக்குரியது. ஓடுகிறவரைத் துரத்தும், நின்றால் நின்றுவிடும் என்பது மட்டும் இங்கே போதும்.

சும்மா இருத்தலுக்கு இப்பகுதியில் வலுவான மரபு உண்டு என்று மறுதரப்பார் வாதிடலாம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக எழுந்திருக்கவில்லை. ஆனால் இதே திருமானூர் வட்டாரத்துக் கரைவெட்டி ஏரிக்கு வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வருகின்றன. அவற்றிடம் யாரும் ‘என்ன அவசரம்’ என்று கேட்பதில்லை. 2021-இல் தமிழக அமைச்சரான மா. சுப்பிரமணியன் விபத்தில் காலில் அடிபட்ட பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியிருக்கிறார். அவரையும் யாரும் கேட்கவில்லை. மந்திரி ஓடினால் அது நிகழ்ச்சி, நாம் ஓடினால் அது சந்தேகம்.

அடுத்து, இன்பம். ஓடினால் வரும் மிதமான மயக்கத்துக்கு எண்டார்ஃபின்தான் காரணம் என்று வெகுநாள் நம்பினார்கள். 2015-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டு, உடலே சுரக்கும், கஞ்சாவுக்கு உறவான வேதிப்பொருள்களுக்கு அதில் பங்குண்டு என்று கண்டார்கள். குறை சொல்வதாக இல்லை. ஆனால் அந்த எலிகளிடம் வழியில் ஒருவரும் பேசவில்லை. நம் களத்தில் தெரிவது வேறு. காரணம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஒரு காலையில் ‘சும்மாதான் பெரியப்பா, நல்லாருக்கு’ என்று ஓடுகிறவர் வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். பெரியப்பா ஒரு கணம் யோசித்து, “சரி, போ” என்கிறார். அன்றிலிருந்து கேள்வி நின்றுபோகிறது. டீக்கடைப் பெஞ்சில் இடம் ஒதுக்கப்படுகிறது.

இதனால் விளையும் சிக்கல் ஒன்றே இன்னும் தீரவில்லை. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் சுமார் 70 கலோரி கரையும். ஓட்டம் முடிந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் வரும் ஒரு மெதுவடையே அதைவிட அதிகம். வேண்டாம் என்றால் பெரியப்பா இன்னொன்று சொல்கிறார். அடுத்தவர் காசில் தின்ற வடை உடம்பில் ஒட்டாது என்பது கடைக்காரரின் கருதுகோள். ஆய்வாளர் அதைத் தினமும் சோதித்து வருகிறார்.