பினாங்கில் எழுத வருபவருக்கு

கேள்வி: பினாங்கில் புதிதாகக் கதை எழுத வருபவருக்குத் துணை உண்டா?

பதில்: குலாம் காதிறு நாவலர் 1883-இல் ‘வித்தியா விசாரிணி’ இதழைத் தொடங்கிய தீவு இது, அச்சு மையின் வாசனைக்குப் பழகிய ஊர். 2011 முதல் நடந்துவரும் ஜார்ஜ் டவுன் இலக்கிய விழாவில் பன்னாட்டு எழுத்தாளர்களின் பேச்சை நேரில் கேட்கலாம். 2018-இல் லண்டன் புத்தகக் கண்காட்சியின் விருது பெற்ற விழா அது. தமிழில் எழுதுவோருக்கு நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகள், மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம், கறாரான விமர்சனத்துக்கு ‘வல்லினம்’ இலக்கிய இதழ் என மூன்று கதவுகள். விமர்சனக் கதவைத்தான் முதலில் தட்ட வேண்டும். பாராட்டு வீட்டிலேயே கிடைக்கும். கதைக்களமோ வாசலிலேயே கிடக்கிறது: இங்கே பிறந்த நாவலாசிரியர் தான் துவான் எங், பினாங்கை வைத்தே எழுதி புக்கர் பரிசின் நெடும்பட்டியல் வரை சென்றார். லிட்டில் இந்தியாவும் துறைமுகமும் தமிழ்ப் பேனாவுக்காகக் காத்திருக்கின்றன.